விழுந்துகொண்டே இருப்பவை

ராக்கெட் எவ்வளவு உயரம் போனது என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். எங்கள் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் அதைக் கடைசியாகத்தான் கேட்பார்கள். எந்த இடத்தில், எவ்வளவு வேகத்தில், எந்தப் பக்கம் பார்த்து விட்டது என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. அது தெரிந்துவிட்டால் அந்தப் பொருள் எப்படிச் சுற்றும், எப்போது தலைக்கு மேலே வரும், எத்தனை நாள் தாங்கும் என்பதெல்லாம் கணக்கில் வந்து விழும். இந்த உண்மை என் மண்டையில் ஏறியது தும்பா ராக்கெட் தளத்தில்தான்.

ஏலப்பாறைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, எண்பதுகளின் தொடக்கத்தில் திருவனந்தபுரத்தில் இஸ்ரோ வேலைக்குச் சேர்ந்தவன் நான். அந்தக் காலத்தில் தும்பாவிலிருந்து புதன்கிழமைதோறும் சோவியத்தின் எம்-100 ராக்கெட் ஒன்று கிளம்பும். மேல்வானத்துக் காற்றையும் வெப்பத்தையும் அளக்கிற சின்ன ராக்கெட். எண்பது கிலோமீட்டருக்கு மேல் ஏறும். ஏறிய வேகத்தில் இறங்கிக் கடலில் விழுந்துவிடும். விமானம் பறக்கிற உயரத்தைப்போல் ஏழெட்டு மடங்கு போன பொருள் ஏன் அங்கேயே நிற்கவில்லை என்று சேர்ந்த புதிதில் ஒரு மூத்த மலையாளப் பொறியாளரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "அது மேலே மட்டுந்தானே போச்சு, சைடுல எங்கே போச்சு?" என்றார். அவருடைய தமிழ் அவ்வளவுதான். ஆனால் அதற்கு மேல் சொல்வதற்கும் ஒன்றும் இல்லை.

பல வருடம் கழித்து ஊருக்குப் போனபோது ஏலப்பாறை பஜாரில் டீக்கடை பெஞ்சில் என் பள்ளித் தோழன் பிடித்துக்கொண்டான். தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்தவன். எங்கள் இரண்டு பேர் வீட்டுக்கும் பூர்வீகம் சங்கரன்கோவில் பக்கம் என்பதால் பேச்சு அந்தப் பேச்சுதான்.

"ஏல, எண்ணெ தீந்துட்டா ஒங்க சேட்டிலைட்டு கீழ விழுந்துராதா?"

"இப்பமே விழுந்துக்கிட்டுதாம்ல இருக்கு."

நம்பவில்லை. அவனுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். வாகமண் பக்கத்து மொட்டைக் குன்றில் நின்று ஒரு கல்லை நேராக முன்னால் எறி. முதல் நொடியில் அது சுமார் 5 மீட்டர் கீழே இறங்கிவிடும். இன்னும் பலமாக எறிந்தாலும் முதல் நொடியில் அதே 5 மீட்டர்தான் இறங்கும், தூரம்தான் கூடும். பூமி உருண்டை. 7.9 கிலோமீட்டர் தள்ளிப் போனால் தரையும் அதே 5 மீட்டர் அளவுக்கு வளைந்து இறங்கியிருக்கும். ஆகவே ஒரு நொடியில் 7.9 கிலோமீட்டர் போகிற மாதிரி எறிய முடிந்தால், காற்றும் தடுக்காமல் இருந்தால், கல் விழுந்துகொண்டே இருக்கும், தரை மட்டும் அதன் கைக்கு எட்டாது. நியூட்டன் மலையுச்சியில் ஒரு பீரங்கியை வைத்து இதையேதான் படம் போட்டுக் காட்டினார். அந்தப் புத்தகம் அவர் இறந்த பிறகு 1728இல் வெளிவந்தது. என் தோழன் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "அப்போ அத ஒண்ணும் தாங்கிப் பிடிக்கல" என்றான். பல பட்டதாரிகள் வந்து சேராத இடத்துக்கு அவன் ஒரு டீயில் வந்து சேர்ந்துவிட்டான்.

வேகத்தில் கொஞ்சம் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு நான் சேர்ந்த காலத்தில் எல்லோர் வாயிலும் இருந்த உதாரணம் ரோகிணி செயற்கைக்கோள்கள். 1981 மே 31 அன்று எஸ்.எல்.வி.-3 கொண்டுபோய் விட்ட ரோகிணியின் பாதை பூமிக்கு மிக அருகில் 186 கிலோமீட்டர், மிகத் தொலைவில் 418 கிலோமீட்டர். ஒன்பது நாளில் எரிந்து முடிந்தது. 1983 ஏப்ரல் 17 அன்று போன அடுத்த ரோகிணிக்கு அந்த அருகுப் புள்ளி 371 கிலோமீட்டரில் அமைந்தது. அது 1990 வரை சுற்றியது. ஒன்பது நாள் எங்கே, ஏழு வருடம் எங்கே! 1981 ரோகிணியின் அருகுப் புள்ளியை 1983 ரோகிணியின் அளவுக்குத் தூக்க, பாதையின் எதிர்ப்பக்கத்தில் நொடிக்கு ஐம்பது மீட்டர் சொச்சம் வேகம் கூட்டியிருந்தால் போதும். நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற பொருளுக்கு இது நூற்றில் ஒரு பங்குகூட வராது.

அந்த எதிர்ப்பக்க விவகாரம்தான் புதிதாக வருகிற பையன்களைக் குழப்பும். இங்கே வேகத்தைக் கூட்டினால் இங்கே உயராது. அரைச் சுற்று கழித்து, பூமிக்கு அந்தப் பக்கத்தில் உயரும். இங்கே குறைத்தால் அங்கே தாழும். தாழ்வான வட்டப் பாதையில் எங்களுக்கு மனப்பாடமான கணக்கு ஒன்று உண்டு: நொடிக்கு 1 மீட்டர் கூட்டினால் அந்தப் பக்கம் மூன்றரைக் கிலோமீட்டர் ஏறும். கம்ப்யூட்டர் என்ன விடை கொடுத்தாலும் இந்த மூன்றரையை மனதில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவோம்.

பிறகு பெங்களூருக்கு மாறினேன். 1988 மார்ச் 17 அன்று பைக்கானூரிலிருந்து ரஷ்ய வாஸ்தோக் ராக்கெட்டில் ஐ.ஆர்.எஸ்.-1ஏ போனது. நம் நாட்டின் நிலத்தையும் நீரையும் படம் எடுக்கிற முதல் பெரிய செயற்கைக்கோள். சுமார் 900 கிலோமீட்டர் உயரத்தில் துருவத்துக்குத் துருவம் சுற்றியது. ஒரு சுற்றுக்கு 103 நிமிடம், 22 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு மேலே, எப்போதும் அதே முற்பகல் வேளையில். நிழல் ஒரே மாதிரி விழுந்தால்தான் போன மாதப் படத்தையும் இந்த மாதப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.

தினமும் அதே வேளையில் வருவதற்கு அதற்கு யார் எரிபொருள் கொடுப்பது? யாரும் கொடுக்க வேண்டாம். பூமி சுத்தமான உருண்டை கிடையாது. நடுவயிற்றில் துருவங்களைவிட 21 கிலோமீட்டர் புடைத்திருக்கிறது. அந்தப் புடைப்பின் ஈர்ப்பு, செயற்கைக்கோளின் பாதைத் தளத்தையே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பும். உயரத்தையும் சாய்வையும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி திரும்பும். பூமி சூரியனைச் சுற்றுவதும் அதே கணக்குதான். புடைப்பு இல்லாத பூமியாக இருந்திருந்தால் எங்கள் பாதி வேலை நடந்தே இருக்காது. பள்ளிப் புத்தகத்தில் பூமி கோளம் என்று எழுதிவிட்டுப் போனவர்கள் மேல் எனக்கு இன்றும் கொஞ்சம் வருத்தம் உண்டு.

ஒரு நாள் படப் பிரிவு நண்பர் எங்கள் மலைப் பக்கத்துப் படத்தை மேசையில் விரித்தார். அந்த முறைப் படத்தில் பச்சை எல்லாம் சிவப்பாகத் தெரியும். பெரியாறு அணையின் தண்ணீர் கறுப்பாகக் கிளைகிளையாக விரிந்து கிடந்தது. தேக்கடிக் காடு அடர்சிவப்பு, அதற்கு மேற்கே தேயிலை கொஞ்சம் வெளிறிய சிவப்பு. குட்டிக்கானத்திலிருந்து ஏலப்பாறைக்குப் போகிற ரோட்டை விரலால் தடவித் தேடினேன். அந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 36 மீட்டர். நான் பிறந்த லயம் ஒரு புள்ளிக்குத் தேறவில்லை. அம்மா கொழுந்து கிள்ளிய மலை ஏழெட்டுப் புள்ளி வந்தது. மழைக்காலத்துப் படங்களில் அதுவும் கிடையாது, ஜூன் தொடங்கி மாதக்கணக்கில் வெறும் மேகம்.

எங்கள் அன்றாட வேலை இதுதான்: தரை நிலையத்து ஆன்டெனா செயற்கைக்கோளை அடிவானத்தில் பிடித்து மறு அடிவானம் வரை பின்தொடரும். அது கிடைக்கிற பத்துப் பதினைந்து நிமிடத்தில் தூரத்தையும், நெருங்கும்போதும் விலகும்போதும் அலைவரிசையில் வருகிற மாற்றத்தையும் பதிவு செய்யும். பெங்களூர், லக்னோ, மொரீஷியஸ் என்று வந்து சேர்கிற எண்களை வைத்து அது எந்தப் பாதையில் போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கணக்கு சொல்கிற எண்ணுக்கும் ஆன்டெனா சொல்கிற எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை நீள நீளத் தாளில் பிரின்டர் அடித்துத் தள்ளும். வித்தியாசம் தாறுமாறாக, ஒன்று கூடி ஒன்று குறைந்து இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம், அது கருவியின் சலசலப்பு. ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனால் மேலே ஏதோ நடக்கிறது என்று அர்த்தம்.

1989 மார்ச் மாதம் அப்படித்தான் சாய்ந்தது. சூரியனில் பெரும் புயல். கனடாவின் கியூபெக் மாநிலமே மார்ச் 13 அன்று இருட்டில் மூழ்கியது. பூமியின் மேல்காற்று சூடேறி ஊதிக்கொண்டது. தாழ்ந்த பாதையில் ஓடுகிற பொருள்கள் எல்லாம் குறித்த நேரத்துக்கு முன்பே அடிவானத்தில் வந்து நின்றன. புதிதாகச் சேர்ந்திருந்த பெண் ஒருத்தி கேட்டாள்: "சார், காத்து தடுக்குதுன்னா லேட்டாத்தானே வரணும்?"

நியாயமான கேள்வி. காற்று தடுக்கும்போது செயற்கைக்கோள் கொஞ்சம் கீழே இறங்குகிறது. கீழே இறங்க இறங்க, விழுகிற எதற்கும் வேகம் கூடுவதுபோல அதற்கும் கூடுகிறது. காற்று பிடுங்கியதைவிட இறக்கம் கொடுத்தது அதிகம். கணக்குப் போட்டால் சரியாக இரண்டு மடங்கு. மிச்சம் ஒரு மடங்கு வேகமாகிவிடுகிறது. சுற்ற வேண்டிய வட்டமும் சின்னதாகிவிட்டது. ஆகவே சீக்கிரம் வருகிறது. தடுத்தால் வேகம் கூடுகிற இடம் இது ஒன்றுதான் என்று அவளுக்குச் சொன்னேன். இப்போதும் அந்த ஆபத்து தீரவில்லை. 2022 பிப்ரவரியில் ஸ்பேஸ்எக்ஸ் ஒரே ராக்கெட்டில் விட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38ஐ இப்படியொரு சூரியப் புயல் கீழே இழுத்துவிட்டது. அவற்றை முதலில் நிறுத்தி வைத்திருந்த உயரம் சுமார் 210 கிலோமீட்டர்தான்.

அடுத்து வந்தது நிலா. அதற்கு முன்னால் ஒரு இடைச்செருகல்: துருவப் பாதைக்குத் தெற்கே பார்த்து விட வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர்தெற்கே விட்டால் இலங்கைக்கு மேலே போகும் என்பதால் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் கடலுக்கு மேலே சுற்றிக்கொண்டு வளைந்து போகும். அந்த வளைவுக்கு வேகத்தில் வட்டி கட்ட வேண்டும், அதாவது சுமை குறையும். 2024 பிப்ரவரியில் தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து சின்ன ராக்கெட்டுகள் நேர்தெற்கே போகலாம். எங்கள் பூர்வீகப் பக்கம் என்பதால் சொல்லவில்லை, கணக்கே அந்த ஊருக்குச் சாதகம்.

சந்திரயான்-1, 2008 அக்டோபர் 22 அன்று போனது. பி.எஸ்.எல்.வி.யால் அதை 255க்கு 22,860 கிலோமீட்டர் என்ற நீள்வட்டத்தில்தான் விட முடிந்தது. மிச்சத்தைச் செயற்கைக்கோளின் சொந்த இன்ஜின் பார்த்துக்கொண்டது. ஒவ்வொரு முறையும் பூமிக்கு மிக அருகில், பெரிஜியில், அது உச்ச வேகத்தில் ஓடும்போது சில நிமிடம் இன்ஜினைக் கொளுத்துவோம். மறுபக்கம் பாதை நீளும். 37,900, 74,715, 1,64,600, 2,67,000, கடைசியில் 3,80,000. நிலாவின் எல்லை அங்கேதான். நவம்பர் 8 அன்று 817 நொடி இன்ஜினை எதிர்த்திசையில் எரித்து வேகத்தைக் குறைத்ததும் நிலா அதைப் பிடித்துக்கொண்டது. குறைக்காமல் விட்டால் நிலாவைத் தாண்டிப் போய்விடும். அளவுக்கு மீறிக் குறைத்தால் நிலாத் தரையில் மோதும்.

பெரிஜியில்தான் கொளுத்த வேண்டும் என்பதன் அருமை 2013இல் எல்லோருக்கும் புரிந்தது. செவ்வாய்க்குப் போகிற மங்கள்யான் நவம்பர் 5 அன்று கிளம்பி நீள்வட்டத்தைப் படிப்படியாக நீட்டிக்கொண்டிருந்தது. நவம்பர் 11 அதிகாலை நான்காவது கொளுத்தலில் நொடிக்கு 130 மீட்டர் கூட வேண்டியிருக்க, 35 மீட்டர்தான் கூடியது. ஊரறிந்த செய்தி. 71,636 கிலோமீட்டரிலிருந்து ஒரு லட்சத்துக்குப் போக வேண்டிய தொலைவுப் புள்ளி 78,276இல் நின்றது. மறுநாளே இன்னொரு கொளுத்தல், 1,18,642க்குப் போய்விட்டது. பத்திரிகைகள் பின்னடைவு என்று எழுதின. எனக்கு அந்த எண்களைப் பார்த்து வேறு நினைப்பு. 35 மீட்டருக்கு 6,640 கிலோமீட்டர் ஏறியிருக்கிறது. நொடிக்கு ஒரு மீட்டருக்கு 190 கிலோமீட்டர்! தாழ்ந்த வட்டப் பாதையில் அதே ஒரு மீட்டருக்கு மூன்றரைதான் கிடைக்கும் என்று முன்பே சொன்னேன். பாதை நீள நீள, பெரிஜியில் ஓடுகிற வேகம் கூடக் கூட, செலவழிக்கிற ஒவ்வொரு சொட்டுக்கும் மதிப்பு ஏறிக்கொண்டே போகிறது. அதனால்தான் சின்ன ராக்கெட்டை வைத்துக்கொண்டு செவ்வாய்க்குப் போக முடிந்தது.

டிசம்பர் 1 நள்ளிரவு தாண்டி 12:49க்கு இன்ஜின் பிடித்தது. 22 நிமிடம், நொடிக்கு 648 மீட்டர். அதோடு பூமியிடமிருந்து விடுதலை. அதன்பிறகு சுமார் 300 நாள் அந்த இன்ஜின் தூங்கியது. 2014 செப்டம்பர் 22 அன்று 4 நொடி மட்டும் எழுப்பிப் பார்த்தார்கள். 24 காலையில் செவ்வாயின் பக்கத்தில் நொடிக்கு 1,099 மீட்டர் குறைத்தாக வேண்டும். சமிக்ஞை வந்து சேரவே 12 நிமிடம், நடுவில் செவ்வாய் வேறு மறைத்துக்கொள்ளும். திரையில் இரண்டு கோடு: ஒன்று இன்ஜின் எரியாவிட்டால் அலைவரிசை எப்படிப் போக வேண்டும் என்பது, இன்னொன்று நிஜமாக வருவது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தன. எரியத் தொடங்கி 12 நிமிடம் கழித்து நிஜக் கோடு மெல்ல விலகியது. தலைமுடி அளவு. பக்கத்தில் இருந்தவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். 421க்கு 76,993 கிலோமீட்டர் பாதை கிடைத்தது.

நான் ஓய்வு பெற்று ஊர்ப் பக்கம் வந்து உட்கார்ந்த பிறகு சந்திரயான்-3 போனது. "அப்பல்லோ மூணு நாள்ல போச்சே, நம்மது ஏன் நாப்பது நாள்?" என்று பஜாரில் என்னை நிறுத்திக் கேட்காதவர் இல்லை. கிளம்பும்போதே எவ்வளவு வேகம் கொடுக்க ராக்கெட்டுக்கு சக்தி இருக்கிறது என்பதுதான் பதில். 2023 ஆகஸ்டில் ரஷ்யாவின் லூனா-25 வேகமாகப் போய் முந்தப் பார்த்தது. ஆகஸ்ட் 19 அன்று பாதையைத் தாழ்த்த இன்ஜின் 84 நொடி எரிய வேண்டியது, 127 நொடி எரிந்தது. கூடுதல் 43 நொடி. நிலாவில் போய் மோதியது. நான்கு நாள் கழித்து, 23ஆம் தேதி, நம்முடையது இறங்கியது.

அக்கா மகன் பெங்களூரில் சாஃப்ட்வேரில் இருக்கிறான். விண்வெளியில் இரண்டு செயற்கைக்கோளை ஒன்றோடொன்று இணைக்கிற ஸ்பேடெக்ஸ் சோதனைச் சமயத்தில், 2025 ஜனவரி முதல் பாதியில், அவனிடமிருந்து தினமும் போன்.

"மாமா, முன்னாடி போறதைப் பிடிக்க வேகத்தைக் கூட்டினாப் போதாதா? எதுக்கு இவ்வளவு நாள்?"

"கூட்டினா மேல போயிருவ. மேல போனா வட்டம் பெருசு, இன்னும் பின்னாடி விழுவ. கொறைச்சுக் கீழ எறங்கு. கீழ சுத்து சீக்கிரம் முடியும், அது உன்னை முன்னாடி கொண்டுபோய் விடும். அப்புறம் கூட்டு."

"பிடிக்கணும்னா பிரேக் போடணுமா? என்ன கணக்கு மாமா இது?"

அந்த இரண்டு செயற்கைக்கோளும் ஜனவரி 16 அன்று ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டன. 475 கிலோமீட்டர் உயரத்தில் இரண்டுமே நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றைப் பார்த்து ஒன்று நகர்ந்ததோ கடைசியில் நொடிக்கு மில்லிமீட்டர் கணக்கில்.

எனக்கு இப்போது மிகவும் பிடித்த கதை சந்திரயான்-3இன் உந்துகலம். லேண்டரை இறக்கிவிட்ட பிறகும் அதில் எரிபொருள் மிச்சம் இருந்தது. 2023 அக்டோபரில் அதை நிலாவிலிருந்து கிளப்பிப் பூமியைச் சுற்ற வைத்தார்கள். சுமார் ஒரு லட்சத்துக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் என்று ஒரு பெரிய பாதை. நிலா தன் வழியில் வந்துகொண்டிருக்க, இது தன் வழியில் போய்க்கொண்டிருக்க, 2025 நவம்பரில் இரண்டும் எதிர்ப்பட்டன. 6ஆம் தேதி நிலாவிலிருந்து 3,740 கிலோமீட்டரில் கடந்தது, 11ஆம் தேதி 4,537 கிலோமீட்டரில் இன்னொரு முறை. நிலா அதை இரண்டு தடவை இழுத்துப் பார்த்து விட்டுவிட்டது. பாதை 4.09 லட்சத்துக்கு 7.27 லட்சம் கிலோமீட்டர் என்று ஆகிவிட்டது. சாய்வும் 34 டிகிரியிலிருந்து 22க்கு வந்துவிட்டது. இன்ஜினை யாரும் தொடவில்லை. செய்தியைப் பார்த்ததும் பழைய நோட்டை எடுத்து, அந்த வேலைக்கு நாமே எரிபொருள் செலவழித்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அக்கா மகனுக்கு விடையை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், இன்னும் சரிபார்த்துச் சொல்லவில்லை.